மேகத்தில் வைத்தவை யார் கையில்?

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. தேசிய தினத்துக்கு ஐந்து நாள் இருந்தது. அன்று சிங்கப்பூரின் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் ஐபேட், குரோம்புக் சாதனங்களில் இருந்தவை அழிந்துபோயின. சாதனம் தொலையவில்லை, கீழே விழுந்து உடையவும் இல்லை. மாணவர்களின் சாதனங்களைப் பள்ளிகள் மேற்பார்வையிடப் பயன்படுத்திய ‘மொபைல் கார்டியன்’ என்ற செயலியின் கட்டமைப்புக்குள் யாரோ ஊடுருவி, எங்கிருந்தோ ஒரு கட்டளையை அனுப்பினார். கட்டளை போய்ச் சேர்ந்த சாதனங்கள், கடையிலிருந்து வாங்கிவந்த நாளில் இருந்ததுபோல வெறுமையாகிவிட்டன.

ஆண்டிறுதித் தேர்வுகள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லா மாணவர் சாதனங்களிலிருந்தும் நீக்கியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ ஆட்களும் கூடுதல் கற்றல் வளங்களும் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன.

சாதனம் மறுபடியும் இயங்கத் தொடங்கியபோது மாணவர்கள் இரண்டு வகையாகப் பிரிந்தார்கள். குறிப்புகளைக் கூகல் டிரைவிலோ ஒன்டிரைவிலோ ஐகிளவுடிலோ வைத்திருந்தவர்கள் தங்கள் கணக்கில் நுழைந்தார்கள், எல்லாம் திரும்பி வந்தன. சாதனத்துக்குள் மட்டும் எழுதி வைத்திருந்தவர்களுக்கு எதுவும் வரவில்லை.

மேகக் கணிமை பற்றி எழுதுங்கள் என்று கேட்கப்பட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தச் சம்பவம்தான். அழிக்கும் கட்டளை வந்தது மேகத்தின் வழியாக. அழிந்ததை மீட்டுக் கொடுத்ததும் மேகம்தான். அதனால் ‘மேகம் பாதுகாப்பானதா, ஆபத்தானதா’ என்ற விவாதம் எனக்கு அவ்வளவு பயனுள்ளதாகத் தெரியவில்லை. நம் பொருள்மீது யார் யாருக்கு அதிகாரம் இருக்கிறது, அதை அழிக்கக்கூடிய பொத்தான் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்துவிட்டு இப்போது பல்கலைக்கழகத்தில் அதையே தொடரும் நான், வகுப்பில் கேட்டதைவிடச் செய்திகளிலிருந்தே இதை அதிகம் கற்றுக்கொண்டேன்.

வானத்தில் இல்லை, லோயாங்கில் இருக்கிறது

‘மேகம்’ என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. காற்றில் மிதக்கும் ஏதோ ஒன்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் அது சன்னல்கள் குறைந்த, வெளியே பெயர்ப்பலகைகூடப் பெரிதாக இல்லாத ஒரு கட்டடம். உள்ளே அடுக்கடுக்காகச் சர்வர் கணினிகள், அவை சூடேறாமல் இருக்க இரவு பகலாக ஓடும் குளிரூட்டிகள், மின்சாரம் நின்றால் கைகொடுக்க மின்கலங்கள், டீசல் ஜெனரேட்டர்கள். இத்தகைய தரவு நிலையங்கள் சிங்கப்பூரில் 70க்கு மேல் உள்ளன. 2020ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த மின்சாரப் பயன்பாட்டில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை இவையே எடுத்துக்கொண்டன. இந்தச் சின்னத் தீவில் நிலமும் மின்சாரமும் எவ்வளவு அருமையானவை என்று சொல்லவேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டிலிருந்து புதிய தரவு நிலையங்களுக்கு அனுமதி தருவதை அரசாங்கம் நிறுத்தி வைத்து, 2022இல்தான் கட்டுப்பாடுகளோடு மறுபடியும் தொடங்கியது. அந்த இடைவெளியில் பல நிறுவனங்கள் பாலத்துக்கு அப்பால் பார்த்தன. ஜோகூரில் அடுத்தடுத்து தரவு நிலையங்கள் எழும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்தக் கட்டடத்துக்குள் நடப்பது என்ன? வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு திருமணம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 500 பேர் வருகிறார்கள். அதற்காக யாரும் 500 நாற்காலி வாங்குவதில்லை. வாடகைக்குக் கொண்டுவந்து போடுகிறார்கள், மறுநாள் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அதே நாற்காலிகள் அடுத்த வாரம் வேறொரு வட்டாரத்தில் வேறொரு வீட்டு விசேஷத்தில் இருக்கும். மேகக் கணிமையும் இதே ஏற்பாடுதான். ஒரு பெரிய சர்வரின் ஆற்றலை மென்பொருள் மூலம் பல சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கணினிபோல இயங்கவைக்கிறார்கள். இதை மெய்நிகர் கணினி என்கிறோம். உங்கள் கோப்பும் உங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவரின் கோப்பும் ஒரே இயந்திரத்தில் இருக்கலாம், ஒன்றையொன்று பார்க்கமுடியாது. தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளலாம், தேவை முடிந்ததும் குறைத்துக்கொள்ளலாம். பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம்.

அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் இப்படிச் சேமிப்பு இடத்தையும் கணினி ஆற்றலையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2010இல் ஆசிய பசிபிக் வட்டாரத்தில் அதன் முதல் தரவு மையத் தொகுதியைத் தொடங்கியது சிங்கப்பூரில்தான். மலேசியாவுக்கு அது 2024 ஆகஸ்ட்டில் வந்தது.

வாடகையிலும் வகைகள் உண்டு. வெறும் இடமும் இயந்திரமும் மட்டும் எடுத்து மற்றதை நாமே பார்த்துக்கொள்ளலாம். அல்லது ஜிமெயில்போல, கூகல் டாக்ஸ்போல, எல்லாம் தயாராக இருக்கும் ஒன்றை அப்படியே பயன்படுத்தலாம். மாணவர்களாகிய நாம் பெரும்பாலும் இரண்டாவது வகை. சமையலும் நம்முடையது அல்ல, பாத்திரமும் நம்முடையது அல்ல. சாப்பிடுவது மட்டும் நாம்.

ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு

இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நண்பர்களிடம் “காப்புப்படி வைத்திருக்கிறாயா?” என்று கேட்டால், “அதான் டிரைவில் இருக்கே” என்ற பதில் வரும். அது பாதி உண்மை.

டிரைவ், ஒன்டிரைவ், ஐகிளவுட் ஆகியவை முதன்மையாகச் செய்வது ஒத்திசைவு. கைபேசியில் ஒரு மாற்றம் செய்தால் மடிக்கணினியிலும் அதே மாற்றம் தெரியும். இது வசதி. ஆனால் கைபேசியில் ஒரு படத்தை அழித்தால் மடிக்கணினியிலும் அது அழிந்துவிடும். ஒரு கண்ணாடிமுன் நின்று முகத்தில் கரி பூசினால், கண்ணாடியில் இருப்பவர் மட்டும் சுத்தமாக இருப்பாரா? சேவை நிறுவனங்கள் இதற்காகக் குப்பைத்தொட்டி ஒன்றை வைத்திருக்கின்றன. கூகல் டிரைவில் அழித்த கோப்பு 30 நாள் அங்கே கிடக்கும். 31ஆம் நாள் நினைவு வந்தால் பயனில்லை. குழுவாகச் செய்யும் பாட ஒப்படைப்பில் பகிர்ந்துகொண்ட கோப்புறையை யோசித்துப் பாருங்கள். அதன் உரிமையாளர் யார்? ஐந்து பேரில் யாரோ ஒருவர். அவர் அதை அழித்துவிட்டால், அல்லது அவருடைய கணக்கே மூடப்பட்டால், மற்ற நால்வர் கையில் ஒரு செத்த இணைப்பு மட்டும் மிஞ்சும்.

காப்புப்படி என்பது வேறு. அது மூலக் கோப்போடு கட்டிப்போடப்படாத, தனியாக வைத்த இன்னொரு பிரதி. மூலத்துக்கு என்ன நேர்ந்தாலும் அதற்குத் தெரியக்கூடாது.

தென்கொரிய அரசாங்கம் இதைக் கடுமையான விலை கொடுத்துக் கற்றது. அங்கே அரசு ஊழியர்களுக்கென ‘ஜி-டிரைவ்’ என்ற மேகச் சேமிப்பு இருந்தது. வேலை ஆவணங்களை அலுவலகக் கணினியில் வைக்காமல் ஜி-டிரைவில் வைக்கவேண்டும் என்று 2018 முதல் அறிவுறுத்தப்பட்டிருந்தது. 2025 செப்டம்பர் 26ஆம் தேதி டேஜான் நகரிலுள்ள அரசாங்கத் தரவு நிலையத்தில் லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீப்பிடித்தது. 600க்கும் மேற்பட்ட அரசாங்கச் சேவைகள் நின்றுபோயின. 96 கட்டமைப்புகள் நேரடியாகத் தீயில் சிக்கின, அவற்றில் ஒன்று ஜி-டிரைவ். அதில் இருந்த 858 டெராபைட் தரவுக்கு வெளியே பிரதி கிடையாது. அளவு பெரிது என்பதால் காப்புப்படி எடுக்கவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. நல்ல ஊழியராக, சொன்னபடி கேட்டு எல்லாவற்றையும் அங்கேயே வைத்தவர்தான் அதிகம் இழந்தார். விதியை மீறித் தன் கணினியில் ஒரு பிரதி வைத்திருந்தவர் தப்பித்திருப்பார்.

மொபைல் கார்டியன் சம்பவத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் சாதனத்தில் மட்டும் வைத்தவர் இழந்தார். டேஜானில் மேகத்தில் மட்டும் வைத்தவர் இழந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்த சொல் ‘மட்டும்’.

இன்னொன்றும் உண்டு, அது நம்மில் பலரைத் தொடும். இலவசம் என்பது வாக்குறுதி அல்ல, ஒரு காலகட்டத்தின் சலுகை. கூகல் ஃபோட்டோஸ் ஒருகாலத்தில் வரம்பில்லாமல் படங்களை வைத்துக்கொள்ள விட்டது. 2021 ஜூன் 1 முதல் அது நின்றது. இப்போது மின்னஞ்சல், கோப்பு, படம் எல்லாம் சேர்த்து 15 கிகாபைட், ஐகிளவுடில் 5 கிகாபைட். பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கூகல் தந்த வரம்பற்ற சேமிப்பும் 2022இல் முடிவுக்கு வந்தது. ஒரு கல்வி நிலையம் முழுவதற்கும் அடிப்படையாக 100 டெராபைட் என்றானது. இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறையை 2023 டிசம்பரில் அந்நிறுவனம் தொடங்கியது.

உங்கள் பள்ளி அல்லது கல்லூரி கொடுத்த கணக்கு உங்களுடையது அல்ல. அது அந்த நிலையத்தின் சொத்து, படிக்கும்வரை உங்களிடம் இருக்கும். படிப்பு முடிந்தபின் அந்தக் கணக்கு எத்தனை மாதம் திறந்திருக்கும் என்பது ஒவ்வோர் இடத்துக்கும் மாறும். மூன்று ஆண்டு செய்த திட்டப்பணிகள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டவேண்டிய படைப்புத் தொகுப்பு, ஆசிரியர் எழுதித்தந்த பரிந்துரைக் கடிதம் எல்லாம் அதற்குள் இருந்தால், பட்டமளிப்பு அங்கி தைக்கக் கொடுப்பதற்குமுன் அந்தத் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சித்தப்பாவின் கடையும் ஆஸ்திரேலிய ஓய்வூதியமும்

என் சித்தப்பா விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில் நடத்துகிறார். ஊழியர்கள் எட்டுப் பேர். சில ஆண்டுகளுக்குமுன்வரை தேதி, வீட்டு எண், ஆள் கணக்கு, ‘கத்தரிக்காய் வேண்டாம்’ போன்ற குறிப்புகள் எல்லாம் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். இப்போது முன்பதிவு, ரசீது, சம்பளக் கணக்கு மூன்றும் மாதக் கட்டணத்தில் ஒரு மேகச் செயலியில் இருக்கின்றன. சித்தி வீட்டிலிருந்தபடியே கணக்குப் பார்க்கிறார். தீபாவளி மாதத்தில் முன்பதிவுகள் பல மடங்கு கூடும்போதும் செயலி திணறுவதில்லை. சொந்தமாக ஒரு சர்வர் வாங்கி, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் வைப்பதென்றால் அவருக்குக் கட்டுப்படியாகாது. சிறுதொழில்களுக்கு மேகக் கணிமை செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பெரிய நிறுவனத்துக்கு மட்டும் கிடைத்த கருவிகள் இன்று எட்டுப் பேர் வேலை செய்யும் சமையற்கூடத்துக்கும் கிடைக்கின்றன.

ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

“சித்தப்பா, இந்தச் செயலிக் கம்பெனி நாளைக்கு மூடிட்டாங்கன்னா என்ன செய்வீங்க?”

“அதெப்படி மூடுவாங்க? மாசாமாசம் காசு கட்டுறேனே!”

சித்தி அடுப்படியிலிருந்து, “அவன் கேக்குறது சரிதான். அதுல இருக்குற கஸ்டமர் நம்பர் எதுவும் நம்மகிட்ட வேற எங்கயும் இல்ல,” என்றார்.

காசு கட்டுவதால் பொருள் பத்திரம் என்ற நம்பிக்கை சித்தப்பாவுக்கு மட்டும் உரியதல்ல. ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனம் 600,000க்கு மேற்பட்ட உறுப்பினர்களின் பணத்தை நிர்வகிக்கிறது. கூகல் கிளவுடில் அதற்கென ஒதுக்கப்பட்ட கட்டமைப்பு 2024 மே மாதத் தொடக்கத்தில் முழுவதுமாக அழிந்தது. ஊடுருவல் இல்லை, தீ விபத்தும் இல்லை. கட்டமைப்பை முதலில் அமைத்தபோது கூகல் தரப்பில் ஒரு விவரத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். வெறுமையாக விட்டதால், அதற்கு ஓராண்டு ஆயுள் என்று கணினி தானாகவே எடுத்துக்கொண்டது. ஓராண்டு முடிந்ததும் தானாகவே அழித்தது.

இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், யூனிசூப்பர் விவரம் தெரியாத நிறுவனம் அல்ல. இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வைத்திருந்தது. ஆனால் இரண்டும் ஒரே கணக்கின்கீழ் இருந்ததால் இரண்டும் சேர்ந்தே போயின. இரண்டு பெட்டியில் வைத்துப் பூட்டி, இரண்டுக்கும் ஒரே சாவி போட்டதுபோல ஆனது. அதைக் காப்பாற்றியது வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த காப்புப்படி. உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்கமுடியாமல் இருந்தார்கள், பணம் போகவில்லை.

ஆகவே பிரதிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. அவற்றை அழிக்கும் அதிகாரம் வெவ்வேறு கைகளில் இருக்கவேண்டும்.

மறுபக்கத்தில், எல்லாப் பழியையும் மேக நிறுவனத்தின் தலையில் போடவும் முடியாது. 2024இல் ஸ்னோஃபிளேக் என்ற மேகத் தரவுச் சேவையைப் பயன்படுத்திய நிறுவனங்களின் தரவுகள் திருடப்பட்டன, டிக்கெட்மாஸ்டரும் அவற்றில் ஒன்று. ஏறத்தாழ 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது. திருடர்கள் சேவையின் சுவரை உடைத்து வரவில்லை. ஏற்கெனவே வெளியில் கசிந்திருந்த மறைச்சொற்களை வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே நுழைந்தார்கள். அந்தக் கணக்குகளில் இரண்டாம் கட்ட உறுதிப்பாடு, அதாவது கைபேசிக்கு வரும் ஒருமுறை மறைச்சொல் போன்ற ஒன்று, செயல்படுத்தப்படவில்லை. வாடகை வீட்டின் கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பார்ப்பார். வாசற்கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போனால் அவர் என்ன செய்வார்?

வெப்பம் ஏறிய ஒரு சனிக்கிழமை

2023 அக்டோபர் 14ஆம் தேதி பிற்பகலில் டிபிஎஸ், சிட்டிபேங்க் வாடிக்கையாளர்கள் பலருக்குப் பணம் எடுக்க முடியவில்லை, கட்ட முடியவில்லை. சனிக்கிழமை என்பதால் கடைத்தொகுதிகளில் கூட்டம். பணப்பையே எடுத்துவராமல் கைபேசியோடு மட்டும் வந்தவர்கள் உணவங்காடியில் தட்டோடு நின்றார்கள். ஏறக்குறைய 2.5 மில்லியன் பரிவர்த்தனைகள் அன்று நிறைவேறவில்லை.

காரணம் மிகச் சாதாரணமானது. அவ்விரு வங்கிகளும் இடம் எடுத்திருந்த எக்குவினிக்ஸ் தரவு நிலையத்தில் குளிரூட்டும் கட்டமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்தது. குத்தகையாளர் தவறான சமிக்ஞை அனுப்பியதில் குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. அறையின் வெப்பம் ஏறியது, இயந்திரங்கள் நின்றன. கணக்காகச் சொன்னால் இது மேகச் சேவையின் கோளாறு அல்ல, வங்கிகள் தங்கள் சொந்தச் சர்வர்களை அங்கே வைத்திருந்தன. ஆனால் மேகமும் இதேபோன்ற கட்டடத்தில்தான் குடியிருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு நடந்தது. இரு வங்கிகளுக்கும் மாற்றுத் தரவு நிலையங்கள் இருந்தன. அங்கே மாறவும் முயன்றன. டிபிஎஸ் வங்கிக்கு இணையக் கட்டமைப்பில் செய்திருந்த தவறான அமைப்பு தடையானது, சிட்டிபேங்கிற்குத் தொடர்புச் சிக்கல். அதாவது காப்பு இருந்தது, தேவைப்பட்ட நேரத்தில் எழுந்து நிற்கவில்லை. அந்த ஆண்டில் அடுத்தடுத்து நேர்ந்த தடங்கல்களுக்காக, அத்தியாவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கும்படி சிங்கப்பூர் நாணய ஆணையம் டிபிஎஸ் வங்கிக்கு உத்தரவிட்டது.

மறு ஆண்டு செப்டம்பரில் லோயாங் வட்டாரத்தில் ஒரு தரவு நிலையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பிடித்தன. அலிபாபா கிளவுடும் அதைச் சார்ந்த சேவைகளும் பாதிக்கப்பட்டன.

பிறகு 2025 தீபாவளி. அக்டோபர் 20, திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில் நாம் பலகாரத் தட்டோடு உறவினர் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அமெரிக்காவின் வட வெர்ஜீனியாவிலுள்ள அமேசான் மேகத் தொகுதியில் கோளாறு தொடங்கியது. ஸ்னாப்சாட், ரோபிளாக்ஸ், டுவோலிங்கோ, கேன்வா என்று உலகெங்கும் செயலிகள் முடங்கின. முழுமையாகச் சீராக ஏறத்தாழ 15 மணி நேரம் ஆனது. எந்தச் சர்வரும் எரியவில்லை. ஒரு முக்கியத் தரவுச் சேவை எந்த முகவரியில் இருக்கிறது என்பதைச் சொல்லும் இணைய முகவரிப் பதிவேட்டில், தானியங்கி மென்பொருள் ஒன்றின் பிழையால் அந்தப் பக்கம் வெறுமையாகிவிட்டது. வீடு அங்கேயே இருக்கிறது, வீட்டு எண்ணைத்தான் யாரோ அழித்துவிட்டார்கள். சிங்கப்பூரிலேயே அமேசானின் தொகுதி இருந்தும் இங்குள்ளவர்களும் பாதிக்கப்பட்டதற்குக் காரணம், பல சேவைகளின் அடிவேர்கள் இன்னும் வெர்ஜீனியாவில் இருப்பதுதான்.

உலகின் மேகச் சந்தையில் பெரும்பகுதி அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகல் என்ற மூன்று நிறுவனங்களிடம் இருக்கிறது. ஒரு சின்னக் கடையின் சர்வர் பழுதானால் ஒரு கடை நிற்கும். இவற்றில் ஒன்று தடுமாறினால் ஆயிரக்கணக்கான கடைகள் ஒரே நேரத்தில் நிற்கும். எத்தனை முறை பழுதாகிறது என்று மட்டும் பார்த்தால் மேகம் நம் வீட்டு மடிக்கணினியைவிடப் பல மடங்கு நம்பகமானது. பழுதாகும்போது எத்தனை பேர் சேர்ந்து விழுகிறார்கள் என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது.

அரசாங்கம் இதைக் கவனிக்காமல் இல்லை. தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் மேகச் சேவைகளுக்கும் தரவு நிலையங்களுக்கும் மீள்திறன் வழிகாட்டிகளை வெளியிட்டது. அவை ஆலோசனைகள், கட்டாயம் அல்ல. மின்னிலக்க உள்கட்டமைப்புக்கென ஒரு சட்டம் கொண்டுவரும் திட்டமும் அறிவிக்கப்பட்டுள்ளது. என் பார்வையில் சட்டம் தேவைதான். மின்சாரமும் தண்ணீரும் போன்ற ஒன்றாகிவிட்ட சேவையை வெறும் ஆலோசனையில் விட்டுவிட முடியாது. ஆனால் எந்தச் சட்டமும் பெரிய நிலையங்களின் குளிரூட்டியையும் மின்கலத்தையும்தான் பார்க்கும். நீங்கள் தவறுதலாக அழித்த கோப்புறையை அது பார்க்காது.

அதற்காக மேகமே வேண்டாம், எல்லாம் வன்தட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று கிளம்புவதும் சரியல்ல. வன்தட்டும் ஒருநாள் கிடுகிடுவென்று சத்தம் போட்டுவிட்டுச் செத்துப்போகும். சித்தப்பாவின் பழைய நோட்டுப் புத்தகம் ஒருமுறை சாம்பாரில் விழுந்ததை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மேகம் ஒரு நல்ல இடம். ஒரே இடமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இப்போது சித்தி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை செயலியிலிருந்து வாடிக்கையாளர் பட்டியலையும் கணக்கையும் எக்செல் கோப்பாக இறக்கி ஒரு விரலியில் போட்டுவைக்கிறார். பத்து நிமிட வேலை. புதிதாக ஒரு செயலிக்கு மாதக் கட்டணம் கட்டத் தொடங்குவதற்குமுன் விற்பனையாளரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வியும் இப்போது மாறிவிட்டது: “நான் நிறுத்திட்டா என் டேட்டாவை எப்படித் திருப்பித் தருவீங்க?” இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லாத ஒருவரை அவர் ஏற்கெனவே அனுப்பிவிட்டார்.

மாணவர்களுக்கு இதைவிட எளிது. கூகல் கணக்கில் உள்ளவற்றை மொத்தமாக இறக்கிக்கொள்ள ‘டேக்அவுட்’ என்ற வசதி இருக்கிறது. எந்தெந்தச் சேவைகள் என்று தேர்ந்தெடுத்துக் கேட்டால், எல்லாவற்றையும் கட்டித் தயாரித்து மின்னஞ்சலில் இணைப்பு அனுப்பும். கோப்புகள் அதிகம் என்றால் சில மணி நேரமோ சில நாளோ ஆகலாம், இணைப்பு ஏறத்தாழ ஒரு வாரம்தான் செல்லுபடியாகும். பள்ளிக் கணக்குகளில் நிர்வாகி இந்த வசதியை முடக்கியிருக்கலாம், அப்படியானால் வேண்டியவற்றை மட்டும் கையால் இறக்கிக்கொள்ளவேண்டும். இறக்கியதை வன்தட்டில் போட்டபின் அதிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளையாவது திறந்து பாருங்கள். தேர்வுக்குமுன் செய்வதாக இருந்தால், பள்ளி விடுமுறை தொடங்கும் வாரம் வசதியாக இருக்கும்.